ஒன்றும் கேட்காத ஓம்

அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவரும் தன் மொழியில் என்னை அக்கா என்றே கூப்பிட்டார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பதை நாங்கள் கடைசிவரை விசாரித்துக்கொள்ளவில்லை. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் நடுப்பகுதியில், ஒரு மலையடிவாரத்து நெல் விளையும் சிற்றூரிலிருந்து வந்தவர் அவர். நான் யாழ்ப்பாணத்துச் செம்மண்காரி. இரண்டாயிரத்தின் முதல் வருடங்களில் ஒஸ்லோவில் ஒரு சலவைக்கூடத்தில் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றோம். வைத்தியசாலைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை, ஈரம் காய முன்னர், ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறிச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மற்றப் பக்கத்தால் அது காய்ந்து மடிப்பில்லாமல் வெளியே வரும். அவ்வளவுதான் வேலை.

வீடும் கிட்டத்தான். ட்வெய்ட்டா என்ற பகுதியின் உயரக் கட்டடம் ஒன்றில் அவர், அதற்கு அடுத்ததில் நாங்கள். அக்கா, கப்பலில் வேலை செய்த ஒரு நோர்வேக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். அந்த மனிதரை நான் கண்டதில்லை. நான் அக்காவை அறியும் முன்னரே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில். எங்கள் இரண்டு பேருக்கும் அது அடுத்த வீட்டு நாய் மாதிரி. கூப்பிட்டால் வரும், சொன்னதெல்லாம் கேட்காது. ஆனால் என் நினைவில் அவர் பேச்சு முழுவதும் எங்கள் ஊர்த் தமிழாகவே படிந்துபோயிற்று. எனக்குக் கேட்கிறபடியே எழுதுகிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும் ஓம். கீழ்வீட்டுக்காரி விடுமுறைக்குப் போகும்போது பூனையைப் பார்ப்பீர்களா என்று கேட்டாள், ஓம். பூனை கூடையோடு அவர் கதவுக்கு வெளியே வந்து சேர்ந்தது. அக்கா வீட்டில் இல்லை. பாதி நாள் அது மாடிப்படிகள் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு கிடந்தது. கடைசியில் கீழ்வீட்டுக்காரியின் தங்கை வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

வேலையிடத்திலும் இதே கதை. எங்கள் மேலாளரை எல்லோரும் ஷெஃப் என்போம். நெட்டையான, பொறுமையான மனிதர். ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு ஆள் போதாமல் அக்காவிடம் வந்து, பெரிய வெள்ளி வக்துக்கு வருவீர்களா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் வேலைமுறையை வக்த் என்றுதான் சொல்வார்கள். அக்கா சிரித்துக்கொண்டு ஓம் என்றார். பெரிய வெள்ளியன்று உருளைக்கு முன்னால் நான் தனியே நின்றேன். தனியாள் பிடித்தால் விரிப்பு கோணலாகத்தான் போகும். ஷெஃப் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை அக்கா வந்தபோது அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதைத்தார். வெளியே வந்த அக்காவின் முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. குழம்பிப்போய் இருந்தார்.

"நான் அவருக்குச் சொன்னனான் தானே," என்றார் என்னிடம்.

"வாறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"ஓம்."

எனக்கு எரிச்சல் வந்தது. இந்தப் பெண்ணுக்கு மூளை பிசகோ என்று அன்றைக்கு நான் நினைத்தது உண்மை. பிறகு ஒரு நாள், விரிப்புகளின் நடுவே, அவராகவே விளக்கினார். அவர் ஊரில் மூத்தவருக்கோ, வீடு தேடி வந்தவருக்கோ முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வது துப்புவதற்குச் சமம். ஆகையால் ஓம் என்பார்கள். சொல்லிவிட்டு அசையாமல் இருப்பார்கள். கேட்டவர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார், விளங்கிக்கொள்வார், அந்தக் கதையை விட்டுவிடுவார். இரண்டு பேர் முகமும் கெடாது. அடுத்த நாள் வாய்க்காலில் சந்தித்தால் வழக்கம்போலச் சிரிக்கலாம். இப்படி ஒரு ஊரே சண்டையில்லாமல் வாழ்கிறதாம்.

அப்படியென்றால் மெய்யான ஓமை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். மழை பெய்வதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வர நினைச்சால் நான் கேப்பன் தானே. எத்தினை மணிக்கு, எந்தக் கதவாலை, என்ன கொண்டுவாறது எண்டு. ஒண்டுமே கேக்காட்டில் அதிலை விளங்க என்ன கிடக்கு?"

உண்மைதான். அவர் பெரிய வெள்ளி பற்றி ஷெஃபிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பூனை என்ன தின்னும் என்றும் கேட்கவில்லை. இவ்வளவு வெளிச்சமாகச் சொன்ன மறுப்பை ஒருவரும் கேட்காமல் போனார்களே என்றுதான் அவருக்கு வியப்பு.

அன்றிலிருந்து நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஷெஃப் கேட்பார், அக்கா ஓம் என்பார், நான் பின்னாலிருந்து தலையை ஆட்டுவேன் அல்லது ஆட்டாமல் விடுவேன். ஷெஃப் முதலில் நம்பவில்லை. பிறகு அக்காவிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்க்கப் பழகிக்கொண்டார். சம்பளம் கூட்டித் தரவில்லை, அது வேறு கதை.

கட்டடத்தில் மனைவி போய்த் தனியாக இருந்த ஒரு நோர்வேக் கிழவர், அக்காவைக் கோப்பி குடிக்க வருமாறு அழைத்ததும் எனக்குத் தெரியும். ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியின் கேக் கடையில் கிழவர் தன் முன்னால் இரண்டு கோப்பை வைத்துக்கொண்டு இருந்ததை, பால் வாங்கப் போன நான் என் கண்ணால் கண்டேன். திரும்பி வரும்போதும் இருந்தார். ஒரு கோப்பை காலியாகிவிட்டது. மற்றது அப்படியே இருந்தது. அவரிடம் போய், ஐயா, அவ உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லைத்தானே என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பாவமாக இருந்தது.

இதே அக்கா, வசந்தத்தில் கட்டடத்து ஆட்கள் எல்லோரும் ஒன்றுகூடி முற்றம் கூட்டி, வேலிக்கு வர்ணம் அடிக்கும் நாளில், யாரும் கூப்பிடாமலே முதல் ஆளாக இறங்கி நிற்பார். அவர் ஊரிலும் அப்படியாம். வாய்க்காலில் வண்டல் அள்ளும் நாளென்றால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய்விட வேண்டும். அதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்காததற்கு இல்லை என்று சொல்லவும் தேவையில்லை.

ஊரைப் பற்றி அவர் ஏக்கமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. கண் கலங்கியதும் இல்லை. இப்போது நாற்று நடுகிறார்கள், இப்போது எலி வெட்டுகிறது, இப்போது வாத்துக்காரன் அறுத்துவிட்ட தாள்வயலில் வாத்துகளை இறக்கியிருப்பான் என்று, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வார். அங்கே வயல் மலைச்சரிவில் படிபடியாக இறங்குகிறது. வாய்க்கால் மேலிருந்து வந்து ஒவ்வொரு படியாக நிரப்பிக்கொண்டு போகும். ஊருக்குள் வாய்க்கால் நுழையும் இடத்தில் முதல் வயல் அக்காவுடையது. தாய் கொடுத்தது. அங்கேயும் பெண்பிள்ளைக்குக் காணி உண்டு. எங்கள் சீதனக் காணி மாதிரியோ என்று கேட்டேன். கல்யாணத்தோடு சம்பந்தமில்லையாம், பிறந்ததற்காகக் கொடுப்பதாம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"தண்ணி முதல் எங்களிட்டைத்தான் வரும். நாங்கள் குடிச்சு முடிச்சுத்தான் கீழை விடுவம்," என்பார். வயலைத்தான் நாங்கள் என்று சொன்னார். அந்த மேல் வயலைச் செய்தது பக்கத்து வீட்டு விதவைப் பெண். விளைவதில் பாதி அவளுக்கு, மற்றப் பாதி அக்காவின் அண்ணன் வீட்டுக்கு. அக்காவுக்கு அதில் ஒரு பிடி அரிசியும் வந்ததில்லை. அவருக்கு அது குறையும் இல்லை.

ஓய்வூதிய வயது வந்ததும் ஊருக்குப் போய், அந்த வயலின் கரையில் ஒரு சின்ன வீடு கட்டி இருப்பது. இதுதான் அவருடைய ஒரே திட்டம். மெய்யாகப் போவீர்களோ என்று நான் சீண்டினால், ஓம் என்று சொன்ன கையோடு என்னிடமே கேள்வி கேட்கத் தொடங்குவார். ஓட்டுக் கூரை நல்லதா, தகரம் நல்லதா? உங்கள் ஊரில் கிணறு எவ்வளவு ஆழம் வெட்டுவார்கள்? கிழவியானால் படி ஏறி இறங்க ஏலுமா? அவ்வளவு கேள்விகளோடு வந்த ஓமை நான் வேறு எதிலும் கேட்டதில்லை.

அந்த வயலுக்காகவே அவர் நோர்வேக் குடியுரிமை எடுக்காமல் இருந்தார். எடுத்தால் அங்கே வெளிநாட்டுக்காரி ஆகிவிடுவார், வெளிநாட்டுக்காரருக்கு அங்கே வயல் வைத்திருக்க உரிமை இல்லை. இரண்டு பாஸ்போர்ட் வைத்திருக்கவும் இடமில்லை. எங்கள் வீட்டுக்காரர் அவரைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார். "அக்கா, விசர்க்கதை கதையாமல் இஞ்சத்தைப் பாஸ்போட்டை எடுங்கோ. நாங்கள் எல்லாம் எடுத்தாச்சு," என்பார். அக்கா ஓம் ஓம் என்பார். என்ன பத்திரம் வேண்டும், எங்கே போகவேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்று சிரிப்பேன்.

எங்களுக்கு எடுப்பது சுலபமாக இருந்தது. இழக்க ஏதாவது இருந்தால்தானே யோசிப்பது. எங்கள் தோட்டக்காணி ராணுவம் போட்ட முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. சமாதான காலத்தில் ஊருக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அழுகை வரும் என்று நினைத்துக் கைலேஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து அக்காவிடம் சொன்னபோது, இப்போது அதற்குள் என்ன முளைத்திருக்கிறது என்று கேட்டார். பெரிய பெரிய மரங்கள், பெயர் தெரியாது என்றேன். மரம் முளைத்தால் மண் சாகவில்லை என்றார். என்னிடம் அதைப் பற்றிச் சரியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அறுவடைக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது, நெல் முற்றினால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கத்தியோடு வந்து வயலில் இறங்குவார்களாம். கதிர் கதிராகக் கொய்வார்கள். நெல்லுக்குள் குடியிருக்கும் தெய்வமான நெல்லம்மாள் பயந்துவிடாமல் இருக்கக் கத்தி கைக்குள் மறைந்திருக்க வேண்டும். கொய்ததில் ஒரு பங்கு கொய்தவளுக்கு. காணி இல்லாதவர்கள் சாப்பிட்டது அப்படித்தான். வந்தவள் யாராக இருந்தாலும், அயலூர்க்காரியாக இருந்தாலும், வயல்காரன் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்ன ஆளும் இல்லை.

பிறகு ஒரு போகத்தில் அக்காவின் அண்ணன், நெல் நின்ற நிலையிலேயே தன் வயலின் முழு விளைச்சலையும் வெளியூர் வியாபாரி ஒருவனுக்கு விற்றுவிட்டார். வியாபாரி தன் ஆட்களை லொறியில் கொண்டுவந்தான். அவர்கள் அரிவாளால் அறுத்தார்கள். ஊர்ப் பெண்கள் கைக்குள் கத்தியோடு வரப்பில் வந்து நின்றார்கள். வியாபாரிக்கு அவர்களைத் தெரியாது. போங்கள் என்று சொல்ல அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அண்ணன் அன்றைக்கு ஊரில் இல்லை. பட்டணத்தில் சாமான் வாங்கப் போய்விட்டார்.

"அண்ணா ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்லேல்லை," என்றார் அக்கா. "கெட்டிக்காரன்."

அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. விரிப்பின் முனை அவர் கையில் இருந்தது. உதறுங்கோ என்றார், உதறினேன். அடுத்த போகத்திலிருந்து ஊரில் எல்லோரும் வியாபாரிக்கே விற்கத் தொடங்கினார்களாம். அக்காவின் வயலில் மட்டும் அந்த விதவை பழையபடி பெண்களை இறங்க விட்டாள். அது அக்காவின் விருப்பம். அதையும் அவர் வாயால் சொன்னதில்லை. வியாபாரிக்குக் கொடுப்போமா என்று அண்ணன் கேட்டிருக்கிறார், இவர் ஓம் என்றிருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் விட்டுவிட்டார்.

அந்த நாட்களில் ஊரோடு கதைப்பது பெரிய பாடு. அக்கா சுரண்டும் தொலைபேசி அட்டை வாங்கி, ஊர்க் கடைத்தெருவில் இருந்த தொலைபேசிக் கடைக்கு எடுத்து, அண்ணனைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருப்பார். பிறகு அண்ணன் கைத்தொலைபேசி வாங்கினார். இங்கே எங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அங்கே மாலை. சலவைக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் அக்காவின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஒரு நாள் அப்படி அழைப்பு வந்தபோது நான் எதிரே இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கும்போது எந்த மொழியிலும் குரல் கொஞ்சம் எழும்பும். அன்றைக்கு அது ஒரு தடவைகூட எழும்பவில்லை. தலையைக் குனிந்து, மேசையில் விழுந்த பாண் துகள்களை விரலால் ஒதுக்கிக்கொண்டு, அவர்கள் மொழியின் மரியாதையான ஓமை மெல்ல மெல்லச் சொன்னார். வைத்துவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்தார்.

"அண்ணா. புது றோட்டு வருகுதாம். வாய்க்கால் பக்கத்தாலை. அதிலை இருக்கிற எல்லாரும் விக்கினமாம். என்ரை வயலையும் குடுப்பமோ எண்டு கேக்கிறார்."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்த ஓமில் எவ்வளவு உறுதியான மறுப்பு இருந்தது என்று அந்த அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டுமே தெரியும் என்பதில் ஒரு பெருமைகூட வந்தது. எழுந்து வேலைக்குப் போனோம்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததெல்லாம் நடந்து முடிந்த பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. காணி இன்னும் செத்துப்போன தாயின் பெயரில் இருந்தது. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் பெயர் மாற்றவில்லை. மூத்த மகனின் வாய்ச்சொல்லே ஊர்த் தலைவருக்குப் போதுமாக இருந்தது. வாங்கியவன் பட்டணத்துக்காரன். சரக்கு வைக்கும் கொட்டில் கட்டுவதற்காக லொறி லொறியாகக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டினான். முதல் வயல் மூடப்பட்டதும் வாய்க்கால் அடைபட்டது. கீழே இருந்த வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேறு பக்கத்தால் வெட்டினார்கள், அரைகுறையாக. விதவைப் பெண் பட்டணத்தில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனாள். இதையெல்லாம் அண்ணன் ஒரே அழைப்பில், அதே சாப்பாட்டு நேரத்தில், சொல்லி முடித்தார். அன்றைக்கும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு அவர் அதை உருளைக்கு முன்னால் வைத்துச் சொன்னார். விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. நான் முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். உடனே தொலைபேசி எடுங்கள், சண்டை பிடியுங்கள், விமானம் ஏறிப் போங்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்றார்.

"வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் தானே, அக்கா," என்றேன்.

"சொன்னனான்."

சொன்னார்தான். நான் சாட்சி.

அவர் தன் முனையை இழுத்துச் சரிசெய்து உருளைக்குள் கொடுத்தார். நானும் கொடுத்தேன். இரண்டு மூன்று விரிப்புகள் போன பிறகு, என்னைப் பார்க்காமல் கதைத்தார். "அந்தக் கோப்பி ஐயாவுக்கு விளங்கேல்லை. ஷெஃபுக்கு விளங்கேல்லை. உங்கடை வீட்டுக்காரருக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. அதிலை எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை. நீங்கள் எல்லாரும் வேறை ஊர் ஆக்கள்." அடுத்த விரிப்பின் முனையை எடுத்தார். "அண்ணாவுக்கு விளங்கினது. ஆருக்கு எண்டு நான் கேக்கேல்லை. எவ்வளவுக்கு எண்டு கேக்கேல்லை. எப்ப எண்டு கேக்கேல்லை. அவருக்கு நல்லா விளங்கினது. விளங்காத ஆள் மாதிரி இருந்திட்டார்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். முகம், வெளியே வந்த விரிப்பு மாதிரி, ஒரு மடிப்பும் இல்லாமல் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. போய்ப் பாண் சாப்பிட்டார், முழுவதும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஊரைப் பற்றிக் கதைக்கவில்லை. நாற்றும் இல்லை, எலியும் இல்லை, வாத்தும் இல்லை. நானாக எதையாவது கேட்டால் தெரியாது என்பார். அண்ணனோடு கதைக்காமல் விட்டாரா என்றால், அதுவும் இல்லை. அழைப்பு வந்தால் எடுப்பார். அண்ணன் புதுவீடு கட்டி, அதில் இவருக்கென்று ஒரு அறை விட்டிருப்பதாகச் சொன்னாராம். நல்லது என்றாராம்.

இன்னொன்றும் நடந்தது, அதை நான் உடனே கவனிக்கவில்லை. ஷெஃப் ஒரு சனிக்கிழமை வக்துக்கு அக்காவைக் கேட்டார். அக்கா ஓம் என்றார், ஒன்றும் கேட்கவில்லை. ஷெஃப் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டாமல் விட்டேன். அவர் வேறு ஆளை ஒழுங்கு செய்தார். சனிக்கிழமை அந்த ஆளும் வந்தது, அக்காவும் வந்து நின்றார். அடுத்த தடவையும் அப்படித்தான். ஷெஃப் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார். விடுமுறை நாள், பண்டிகை நாள், யாருக்காவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குப் பதில், எல்லாவற்றுக்கும் அக்கா ஓம் என்றார், எல்லாவற்றுக்கும் வந்தார். கூட்டத்தில் ஷெஃப் எல்லோர் முன்னாலும் அவரைப் புகழ்ந்தார். இப்போது நம்பலாம் என்றார். கை தட்டினோம். நானும் தட்டினேன்.

எங்கள் வீட்டுக்காரரும் தன் பங்குக்குப் பாஸ்போர்ட் கதையை எடுத்தார். ஓம் என்றவர் போய் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். சிவப்புப் புத்தகம், அதில் சிரிக்காத படம். வீட்டுக்காரருக்குப் பெரிய சந்தோஷம், தான் சொல்லித்தான் எடுத்தார் என்று. எனக்கு அதைக் கையில் வாங்கப் பயமாக இருந்தது.

பாஸ்போர்ட் எடுத்த அந்த வருட இலையுதிர்காலத்தில் ஒரு நாள், வேலை முடிந்து ரயில் ஏறும்போது, சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவருக்காகப் பாகிஸ்தான் கடையில் ஹலால் கோழி வாங்கலாம் என்றும் நினைத்திருந்தேன். முன்பெல்லாம் வருகிறவர்தான். எத்தனை மணிக்கு, என்ன சமைக்கிறீர்கள், நான் வந்து வெங்காயம் உரிக்கட்டுமா என்று ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு வருவார். அன்றைக்கு ஓம் என்றார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. சரி, அவருக்கு மனமில்லை, விடுவோம் என்று நான் விட்டுவிட்டேன். வேலையிடத்தில் என்னவாக மாறியிருந்தாலும் என்னிடம் அவர் பழைய ஆள்தானே என்று இருந்தேன். கோழி வாங்கவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்காரர் மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தலைக்கு எண்ணெய் வைத்து, பழைய வீட்டுச் சட்டையோடு, சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. தன் ஊர் அச்சுத்துணியில் தைத்த நல்ல சட்டை போட்டிருந்தார். ஒரு பையில் தோடம்பழம். என் தலையையும் சட்டையையும் நனைந்த கையையும் பார்த்தார்.

உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். காலையில் அவித்த பிட்டும் கொஞ்சம் சம்பலும் இருந்தன. முட்டை இரண்டு பொரித்தேன். வெட்கத்தில் எனக்குக் கை ஓடவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரே இருந்து, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. அதாலை வரமாட்டியள் எண்டெல்லோ நினைச்சன்."

அவர் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"வர விருப்பம் இருக்கேல்லைத்தான்," என்றார். என்னைப் புண்படுத்த அல்ல, நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல. "ஆனால் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். சொன்னால் வரவேணும்."

இன்னும் கொஞ்சம் பிட்டுப் போடட்டோ என்று கேட்டேன். ஓம் என்றார். போட்டேன். அதையும் சாப்பிட்டார்.